முத்துசுவாமி தீட்சிதர்

சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொசத்தலையாறும் பாய்ந்து கடலை நோக்கிச் செல்லும் நிலப்பகுதி ஒன்று உண்டு. ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி முதலிய ஊர்கள் அப்பகுதியில் அமைந்துள்ளன. வயலும் ஏரியும் நிறைந்திருந்த அந்நிலத்தில் இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. அதன் தென்கோடியில் உள்ள மணலி, எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையால் யாவரும் அறிந்த ஊராயிற்று. ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்கு முன்னர் அம்மணலி இசைவாணர் உறையும் சிற்றூராக விளங்கியது. நம் நாட்டு இசையும் மேனாட்டு இசையும் ஒரே வீட்டுத் திண்ணையில் சந்தித்த பெருமை அவ்வூருக்கு உரியது. அச்சந்திப்பின் நடுவே நின்ற இளைஞரே பிற்காலத்தில் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்பெற்ற முத்துசுவாமி தீட்சிதர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

சோழநாட்டுத் திருவாரூர், கோயிலாலும் தேராலும் சிறப்புற்ற பழம்பதி. சியாமா சாஸ்திரிகள் 1762ஆம் ஆண்டிலும், தியாகராசர் 1767ஆம் ஆண்டிலும், முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டிலும் அவ்வூரிலேயே பிறந்தனர். இசையுலகை ஆண்ட மூவரும் ஒரே ஊரில், பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குள் தோன்றியது வியப்புக்குரியதாகும்.

முத்துசுவாமியின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், தாயார் சுப்பம்மாள். தந்தையார் சிறந்த இசைப் புலவர். அம்சத்வனி என்னும் இனிய இராகத்தை உருவாக்கியவர் அவரே என்பது இசையறிஞர் கொள்கை. நெடுங்காலம் மகப்பேறு இன்றி வருந்திய அவ்விருவரும் வைத்தீசுவரன் கோயிலில் நோன்பிருந்து வேண்டினர். அதன்பின் பிறந்த மகனுக்கு அத்தலத்து முருகனின் பெயராகிய முத்துக்குமாரசுவாமி என்பதையே இட்டு வழங்கினர் என்பர். முத்துசுவாமிக்குப் பின்னர்ச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் இரு தம்பியரும் பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர்.

முத்துசுவாமி இளமையிலேயே வேதமும் வடமொழி இலக்கணமும் சோதிடமும் பயின்றார். வாய்ப்பாட்டும் வீணையும் தந்தையாரிடமே கற்றார். ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் மாத்திரை அளவையும், ஒரு சுரத்தைக் கேட்டவுடன் அதன் இடத்தையும் அறியும் கூர்மை அவரிடம் வளர்ந்தது. இவ்விரு பயிற்சியும் பின்னாளில் அவருக்குப் பேருதவி புரிந்தன.

மணலி வாழ்வு

அக்காலத்தில் சென்னைப் பட்டினம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சியில் வேகமாக வளர்ந்து வந்தது. ஆங்கிலேயருக்கும் நாட்டு மக்களுக்கும் இடையே நின்று, இருமொழியும் பேசிக் காரியம் நடத்துவோரைத் துபாஷிகள் என்று அழைத்தனர். அத்தகைய துபாஷிகளுள் புகழ்பெற்றவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அவர் புலவரையும் இசைவாணரையும் போற்றிய வள்ளல். இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவரும் அவரே. அக்குடும்பத்தார் இராமசுவாமி தீட்சிதரின் புலமையை அறிந்து, அவரை மணலிக்கு வருமாறு அழைத்தனர். தீட்சிதர் மனைவி மக்களுடன் திருவாரூரை விட்டு மணலியில் குடியேறினார். முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின்னர், அவர் மகனாரும் சின்னையா முதலியார் என்று வழங்கப்பெற்றவருமாகிய வேங்கடகிருஷ்ண முதலியார் அக்குடும்பத்தைத் தொடர்ந்து காத்து வந்தார்.

சின்னையா முதலியார் கம்பெனியாரோடு தொடர்புடையவராதலின், செயின்ட் சார்ச் கோட்டைக்கு அடிக்கடி சென்று வருவார். கோட்டையில் படைவீரரின் வாத்தியக் குழு ஒன்று இருந்தது. ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் தத்தம் நாட்டில் பாடி ஆடிய மெட்டுகளை அக்குழுவினர் வாசித்தனர். முதலியார் தீட்சிதரின் மக்களையும் அவ்விசையைக் கேட்க அழைத்துச் சென்றார்.

அவ்விளைஞர்கள் அதுவரை கேட்டிருந்த இசை வேறு. கோட்டையில் கேட்ட இசை வேறு. நம் இசையில் ஒரு சுரம் அசைந்தும் வளைந்தும் அடுத்த சுரத்தைத் தொடும். அவ்வசைவைக் கமகம் என்பர். மேனாட்டு மெட்டுகளிலோ ஒவ்வொரு சுரமும் தனித்தனியே, படிக்கட்டில் கால் வைப்பதுபோல் நேராக ஒலிக்கும். நம் பாடகர் ஓர் இராகத்தைத் தம் கற்பனைக்கேற்ப விரித்துப் பாடுவர். அவர்களோ தாளில் எழுதியதை எழுதியவாறே வாசிப்பர். கற்றறிந்த வைதிகக் குடும்பத்துப் பிள்ளைகள் இவ்வயல் இசையைக் கேட்டு முகம் சுளித்திருக்கலாம். அல்லது ஆளுவோரின் இசையே உயர்ந்தது என மயங்கித் தம் இசையைக் கைவிட்டிருக்கலாம். தீட்சிதர் குடும்பத்தார் இவ்விரண்டையும் செய்யவில்லை. அவர்கள் செவி கொடுத்துக் கேட்டனர், கேட்டதை ஆராய்ந்தனர்.

தம்பியின் பிடில்

அண்ணனைவிடப் பதினோராண்டு இளையவராகிய பாலுசுவாமியை, கோட்டையில் ஒலித்த பிடில் என்னும் கருவி பெரிதும் கவர்ந்தது. சிறுவனின் ஆவலைக் கண்ட முதலியார் ஓர் ஐரோப்பியரை ஆசிரியராக அமர்த்தினார். பாலுசுவாமி மூன்று ஆண்டு முயன்று அக்கருவியைக் கற்றார். கற்றபின்னர் அதிலே நம் இராகங்களை வாசிக்கத் தொடங்கினார். அண்ணன் பாட, தம்பி பிடிலில் தொடர்ந்து வாசித்தார்.

ஐரோப்பியர் பிடிலை மோவாயின் கீழ்த் தாங்கி வாசிப்பர். நம் நாட்டில் கலைஞர் சப்பணமிட்டு அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையை வலக்காலின் மீதும் சார்த்தி வாசிக்கும் முறை ஏற்பட்டது. இதனால் கருவியைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லாமற் போயிற்று. விரல்கள் தந்தியின் மீது விரும்பியவாறு வழுக்கிச் செல்ல இடம் கிடைத்தது. நான்கு தந்திகளின் சுருதியும் மாறியது. இன்று அவை சட்சம், பஞ்சமம், மீண்டும் சட்சம், பஞ்சமம் என்று கூட்டப்பெறுகின்றன. பாடகரின் குரல் எத்துணை நுட்பமாக அசைந்தாலும் அதனை அப்படியே பின்பற்றும் ஆற்றல் பிடிலுக்கு உண்டு என்பது இவ்வாறு புலப்பட்டது. அயல்நாட்டிலிருந்து வந்த அக்கருவி இல்லாமல் நடைபெறும் பாட்டுக் கச்சேரி இன்று அரிது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். வியன்னா நகரில் 1797ஆம் ஆண்டில் பிறந்து 1828ஆம் ஆண்டில் மறைந்த பிரான்ஸ் சூபர்ட் என்பவர், தம் மொழிக் கவிஞர்களின் பாடல்களை எடுத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட இசைப்பாடல்களை அமைத்தார். ஒருவர் பாட, மற்றொருவர் பியானோ வாசிப்பார். வேறு கருவி எதுவும் வேண்டுவதில்லை. கவிதையின் பொருளைக் குரலும் பியானோவும் பகிர்ந்துகொள்ளும். இக்காலக் கவிஞரின் பாடல்களுக்கு இக்கால இசையறிஞர் மெட்டமைக்க, உச்சக் குரலுடைய பெண்டிர் பியானோவுடன் அவற்றைப் பாடும் வழக்கம் அந்நாடுகளில் இன்றும் உள்ளது. அங்கே பியானோ பெற்ற இடத்தை இங்கே பிடில் பெற்றது. அதற்குக் காரணமும் உண்டு. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். அச்சுரம் நிலையாக ஒலிக்கும். இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒலியை அதில் எழுப்ப இயலாது. கமகத்தையே உயிராகக் கொண்ட நம் பாட்டிற்கு அது துணையாகாது. பிடிலில் அத்தடை இல்லை. பாலுசுவாமியின் செவி இதனை உணர்ந்தது.

நோட்டுசுவர சாகித்தியங்கள்

தம்பி கருவியை ஏற்றார்; அண்ணன் மெட்டை ஏற்றார். கோட்டையில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் பாடல்கள் இயற்றினார். ஆங்கிலேயர் சுரத்தை நோட்டு என்பராதலின், இப்பாடல்கள் நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப் பெயர்பெற்றன. இவ்வாறு ஏறத்தாழ நாற்பது பாடல்கள் கிடைத்துள்ளன. மேனாட்டாரின் பெருவழக்கான சுரவரிசை நம் சங்கராபரணத்தின் சுரவரிசையோடு ஒத்திருத்தலால், இவை யாவும் அவ்விராகத்தின் சுரங்களில் அமைந்தன.

ஆக்கி வைத்த மெட்டுக்குச் சொல் அமைத்தல் எளிதன்று. மெட்டு நீளும் இடத்தில் நெடிலும், குறுகும் இடத்தில் குறிலும் வருதல் வேண்டும். சொல்லின் நடுவே மெட்டு முறியலாகாது. மெட்டை மாற்றவும் உரிமை இல்லை. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்றும், தெய்வங்களைப் போற்றும் பொருள் நிறைந்த பாடல்களை அவர் அமைத்தார். மெட்டு அயலாருடையது என்று அறியாதவர், அப்பாடல்கள் நம் நாட்டுச் சிறுவருக்கென்றே ஆக்கப்பட்டவை என எண்ணுவர்.

அவற்றுள் ஒன்று தனித்துக் கருதத்தக்கது. ஆங்கிலேயரின் அரச வாழ்த்தாகிய மெட்டு, தங்கள் மன்னரைக் காக்குமாறு இறைவனை வேண்டுவது. கோட்டையில் கொடியேறும் போதும் படை அணிவகுக்கும் போதும் ஒலிக்கும் மெட்டு அது. நாடு முழுவதும் அம்மன்னரின் ஆட்சி பரவி வந்த காலத்தில் தீட்சிதர் அம்மெட்டைக் கேட்டார். அதன் ஒரு சுரத்தையும் மாற்றாமல், அதிலிருந்த மன்னரை மட்டும் நீக்கினார். மன்னர் இருந்த இடத்தில் இசைக்குத் தலைவியாகிய சியாமளா தேவியை அமர்த்தி, தம்மை எந்நாளும் காக்குமாறு வேண்டினார். எதிர்ப்புச் சொல் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும், தாம் வணங்குவது யாரை என்பதை அவர் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிவிட்டார்.

காசியும் திருத்தணியும்

ஒருநாள் சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு வந்தார். முத்துசுவாமியின் அறிவையும் அடக்கத்தையும் கண்டு, தம்முடன் காசிக்கு அனுப்புமாறு தந்தையாரை வேண்டினார். மூத்த மகனைப் பிரிவதற்குப் பெற்றோர் மனம் ஒப்பவில்லை. எனினும் துறவியின் சொல்லை மறுக்க இயலாமல் விடை கொடுத்தனர். காசியில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தங்கிய தீட்சிதர், குருவுக்குப் பணிவிடை செய்து வேதாந்தமும் தேவி வழிபாடும் கற்றார். வடநாட்டு இசையையும் அங்கே ஊன்றிக் கேட்டார். கோட்டை இசையைக் கேட்டபோது இருந்த அதே திறந்த செவி கங்கைக் கரையிலும் அவருக்கு இருந்தது. அவர் பிற்காலத்தில் யமுனா கல்யாணி, துவிஜாவந்தி முதலிய இராகங்களில் அமைத்த கீர்த்தனைகளில் வடநாட்டு இசையின் சாயல் படிந்துள்ளது. குருவின் கட்டளைப்படி கங்கையில் இறங்கியபோது அவர் கைக்கு ஒரு வீணை கிட்டியது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

குரு மறைந்தபின் தீட்சிதர் மணலிக்குத் திரும்பினார். அங்கிருந்து திருத்தணிக்குச் சென்று முருகன் திருமுன் தவமிருந்தார். அப்பொழுது முதியவர் ஒருவர் வந்து, அவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு இட்டு மறைந்தார் என்றும், அந்நொடியே அவர் வாயிலிருந்து முதற் கீர்த்தனை பிறந்தது என்றும் கூறுவர். மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த அப்பாடலைத் தொடர்ந்து, வடமொழி வேற்றுமைகள் எட்டினுக்கும் ஒவ்வொன்றாகப் பாடல் அமைத்தார். இலக்கண நூலில் மாணவர் மனப்பாடம் செய்யும் வேற்றுமை உருபுகள் அவர் கையில் இசைமாலையாயின. அன்று முதல் முருகன் பெயராகிய குருகுகன் என்பதைத் தம் பாடல்களில் முத்திரையாக வைத்தார்.

நோட்டுசுவர மெட்டுகளிலிருந்து அவர் கீர்த்தனைகள் மிகவும் வேறுபட்டவை. வீணையின் தந்தியில் பிறந்தனவாதலின், அவை நிதானமான நடையில் செல்வன. ஒவ்வொரு சுரமும் கமகத்தால் கனிந்து நிற்கும். இறுதியில் சில அடிகள் மட்டும் விரைந்த நடையில் அமையும். அயல் மெட்டுகளை அத்துணை நன்கு அறிந்தவர், தம் சொந்தப் படைப்பில் அவற்றின் நடையைப் புகுத்தவில்லை. எதனை எங்கே வைத்தல் வேண்டும் என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

பிற்கால வாழ்வு

தீட்சிதர் காஞ்சிபுரத்தில் சில ஆண்டு தங்கியபின் திருவாரூருக்குச் சென்றார். தந்தையார் 1817ஆம் ஆண்டில் காலமானார். திருவாரூரில் கமலாம்பிகை மீது நவாவரணக் கீர்த்தனைகளையும், ஒன்பது கோள்கள் மீது நவக்கிரகக் கீர்த்தனைகளையும் பாடினார். அவர் இயற்றியவை நானூற்றுக்கு மேற்பட்டன. கோயில்தோறும் சென்று, அத்தலத்தின் பெயரையும் இறைவன் இறைவியின் பெயரையும் இராகத்தின் பெயரையும் பாட்டிற்குள்ளேயே பொதிந்து வைத்தார்.

கற்பிப்பதில் அவர் குல வேற்றுமை கருதவில்லை. திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்த தம்பியப்பன், ஆடற்கலையில் வல்ல கமலம், தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவரிடம் பயின்றனர். அவர்களுள் வடிவேலு பிடிலில் சிறந்து விளங்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார்.

புகழ் பெருகியும் தீட்சிதரின் வீட்டில் செல்வம் பெருகவில்லை. அவர் மனைவியார் ஒருமுறை, தஞ்சை மன்னரைப் பாடினால் பொன்னும் மணியும் கிடைக்குமே என்று வருந்தினார் என்பர். தீட்சிதர் மன்னரைப் பாட மறுத்துத் திருமகள் மீது ஒரு கீர்த்தனை பாடினார். அன்றிரவு மனைவியார் தம் மேனி முழுவதும் பொன் நகை பூண்டதாகக் கனவு கண்டு, பொன்னாசை அறவே நீங்கினார் என்று அக்கதை முடிகிறது. கோட்டை மெட்டில் அயல் மன்னருக்கு இடம் கொடாத அப்புலவர், உள்நாட்டு மன்னருக்கும் தம் பாட்டில் இடம் கொடுக்கவில்லை.

இதற்கிடையே பாலுசுவாமி பாண்டி நாட்டு எட்டயபுரத்தில் அரசவைக் கலைஞராக அமர்ந்தார். கோட்டையில் கற்ற பிடில் அவருக்கு அங்கே பெருமை தந்தது. தம்பியைக் காண வந்த முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் தங்கினார். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில், மாணவர்களை அருகில் அமர்த்தி, மீனாட்சியம்மையைப் போற்றும் தம் கீர்த்தனையைப் பாடச் செய்தார். அதைக் கேட்டவாறே அவர் உயிர் பிரிந்தது என்பர். அவர் நினைவிடம் எட்டயபுரத்தில் உள்ளது. பாரதியார் 1882ஆம் ஆண்டில் பிறந்ததும் அவ்வூரிலேயே ஆகும்.

நிலைத்த செல்வம்

பாடப்படும் பாட்டு காற்றோடு மறைவது. குரலும் கருவியும் ஓய்ந்தபின் அதனைக் காப்பவர் வேண்டும். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரரும், அவருக்கே சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதர் அப்பணியை ஏற்றார். தம் குடும்பத்தார் நெஞ்சில் வைத்திருந்த கீர்த்தனைகளைச் சுரக் குறிப்புடன் எழுதி, 1904ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலாக எட்டயபுரத்தில் வெளியிட்டார். கமகங்களைக் குறிக்கத் தனி அடையாளங்களையும் அதில் அமைத்தார். ஐரோப்பியர் போல இசையைத் தாளில் எழுதி வைக்கும் முயற்சி, இவ்வாறு தீட்சிதர் பாடல்களுக்கே காவலாக வந்து நின்றது. சுப்பராம தீட்சிதர் 1906ஆம் ஆண்டில் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா பாடினார்.

மணலியில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்த நாள்கள் சிலவே. ஆயினும் அங்கே விதைத்தது வீண் போகவில்லை. இசை பயிலத் தொடங்கும் சிறுவர் சிறுமியர் நோட்டுசுவரப் பாடல்களை இன்றும் மகிழ்ந்து பாடுகின்றனர். அவர்களுக்குப் பக்கத்தில் பிடில் ஒலிக்கிறது. கோட்டைக்குள் ஒலித்த அயல் இசை கேட்டு அஞ்சாமலும் மயங்காமலும், வேண்டியதை ஏற்று, ஏற்றதைத் தமதாக்கிக்கொண்ட இரு சகோதரர்களின் நினைவை அப்பாட்டும் அப்பிடிலும் சேர்ந்து காத்து வருகின்றன.